ஐஸ் கம்பெனியின் சுருதி

பிரிட்ஜ் செத்துப்போச்சு என்றேன்.
ரெஜீஸ் பதறி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.
பாம்பனில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்.
பிரிட்ஜ் பிக்கப்புடா என்றதும்
உயிர் வந்து உட்கார்ந்தான்.

மூடியைக் கழற்றினால் எட்டுக் காந்தம், எட்டிலும் துரு.
மல்டிமீட்டரை வைத்தேன்,
ஒன்று என்று காட்டி நின்றது.
முடியைவிட மெல்லிய கம்பி, எட்டாயிரம் சுற்று.
அதில் எந்தச் சுற்றில்
உப்புக்காற்று உட்கார்ந்து தின்றதோ.

மிச்சமிருந்தது நெக் பிக்கப். தனியாக விட்டால் உறுமும்.
தெருமுனை ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸர் ஓடும்போது
ஆம்புக்குள்ளேயும் ஒரு கம்ப்ரஸர் ஓடும்.
கணக்குக்கு ஐம்பது ஹெர்ட்ஸ்.
காதுக்கு ஜி, ஒரு மயிரிழை மேலே.
அதை மறைக்க
ஞாயிறு பூசைப் பாட்டையெல்லாம் ஜி-க்கு ஏற்றினோம்.
மேல் வரி வரும்போதெல்லாம்
சாமியார் இருமுவார்.

"புது கித்தாரே வாங்கிரலாம்ல டெல்பின்."
வாங்கலாம். தடைக்காலம்.
படகெல்லாம் நங்கூரத்தில் கிடக்க
எக்கோ சவுண்டர் ரிப்பேருக்கு யார் வருவார்கள்?
வந்த இரண்டு பேரும் காசு ஜூனில் என்றார்கள்.

பழையபடி சிங்கிள் காயில், ஜோடி இரண்டாயிரத்துக்குள்.
விரல் நகம் உரசுவதுகூடக் கேட்கும்,
உறுமலும் கேட்கும்.
ஒன்றின்மேல் ஒன்றாகக் காயில் அடுக்கியது ஆறாயிரம்.
உறுமாதாம்.
ஆனால் மூக்கடைச்ச குரல் என்றான் ரெஜீஸ்,
ஒரு தடவையும் கேட்டறியாதவன்.
செராமிக்கா அல்னிகோவா என்று
இரண்டு ராத்திரி புரண்டேன்.
கூரைத் தகரத்துக்கு எடுத்த சீட்டுப் பணத்தில்
ஆறாயிரம் குறைந்தது.

கூரியர் ராமநாதபுரத்தோடு நின்றுவிடும்.
பஸ் பிடித்துப் போய், மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

கித்தாரை மல்லாத்தி நரம்பைக் கழற்றியதும்
அடியிலிருந்த ஸ்பாஞ்ச் மாவாய் உதிர்ந்தது.
வலை மிதப்பை அறுத்து இரண்டு துண்டு வைத்தேன்,
ஸ்க்ரூவைத் தளர்த்தினால் தானே எழும்பியது.
மிதக்கத்தானே பிறந்தது.
குழிச் சுவருக்குச் செப்பு டேப்.
பிரிட்ஜ் பிக்கப் நெக்கைவிட இரண்டு மில்லி நீளம்,
அது தெரிந்துதான் வாங்கினேன்.
அப்படியும் ஒரு மூலை இடித்தது.
அரத்தால் ராவினேன்,
பெயிண்ட் கொஞ்சம் போனது, போகட்டும்.

ஒவ்வொன்றாய்த் திறந்தால் வயிறு நிறைந்த சத்தம்.
இரண்டையும் சேர்த்துத் திறந்தால்
காலி டால்டா டப்பா.
ஒரே வள்ளத்தில் இரண்டு பேர்
எதிரெதிராய்த் துடுப்புப் போடுகிற மாதிரி.
ரிப்பேருக்குக் கிடந்த படகு காம்பஸை நெக் மேல் வைத்தேன்.
முள் வடக்கை மறந்து திரும்பியது.
பிரிட்ஜ் மேல் வைத்தேன், அதே பக்கம்.
காந்தத்தில் கோளாறு இல்லை,
ஒயரை மாற்றிச் சுட்டது நான்.
வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு,
கறுப்பு இருந்த இடத்தில் வெள்ளை, ஈயப்புகை, தும்மல்.

தடித்த நரம்பைத் தட்டினேன்.
ஆணியில் தொங்கிய டெஸ்டரெல்லாம் ஆடின.
உறுமல் இல்லை.

அப்புறம்தான் உறைத்தது,
ஐஸ் கம்பெனியும் ஓடவில்லை.
மீனில்லாத மாதத்தில் யாருக்கு ஐஸ்?
ஆறாயிரம் வேலை செய்ததா,
சர்க்கார் உத்தரவு வேலை செய்ததா?
ஜூன்வரை தெரியாது.
ரெஜீஸ் சிரித்த சிரிப்பில்
எதிர்வீட்டு நாய் எழுந்துவிட்டது.

ஜூன் பதினொன்று, ராத்திரி பத்தரை.
தெருமுனையில் கம்ப்ரஸர் இருமிக்கொண்டு எழுந்தது.
வால்யூமை முழுக்கத் திறந்து
ஸ்பீக்கரில் காதை ஒட்டினேன்.
உறுமல் தெருவில் இருந்தது. பெட்டிக்குள் இல்லை.

அந்த ஞாயிறும் பழக்கத்தில் ஜி-யில்தான் எடுத்தோம்.
முதலடி முடிந்த இடைவெளியில்
ரெஜீஸ் கீபோர்டிலிருந்து நிமிர்ந்து
என்னைப் பார்த்தான்,
கூட வாசிக்கிற ஒருவன் வராத மாதிரி.
எனக்கும் விரல் ஒரு கணம் நின்றது.

அடுத்த வாரம் டி-க்கு இறக்கினோம்.
சாமியார் இருமவில்லை.

கழற்றிய பிக்கப்பை எறியவில்லை.
கம்பிதான் செத்தது, காந்தத்துக்கு ஒன்றுமில்லை.
மேஜைக்கடியில் தவறிய ஸ்க்ரூவெல்லாம்
இப்போது அதில்தான் ஒட்டிக் கிடக்கின்றன.